கிளாஸை மறுபடி எடுத்து வையுங்கள்

எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தின் தலைவருக்கும், செயலாளருக்கும், பஸ் ஸ்டாண்டிலும் கடைவீதியிலும் டீக்கடை நடத்தும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும்,

போன மாதத்திலிருந்து நம் ஊர் டீக்கடைகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அட்டை தொங்குகிறது. "இங்கு பேப்பர் கப்பில் மட்டுமே டீ, காபி வழங்கப்படும்." கேட்டால், சங்கம் கூடி எடுத்த முடிவு என்கிறார்கள். கிளாஸ் கழுவ ஆள் கிடைப்பதில்லை, தண்ணீர் இல்லை, வெளியூர்க்காரர்கள் கிளாஸில் குடிக்கத் தயங்குகிறார்கள், பேப்பர் கப்தான் சுத்தம். இதுதான் நீங்கள் சொல்லும் காரணம். கூட்டத்தில் டீ குடிப்பவர்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அங்கே சொல்லியிருக்கக்கூடியதை இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எனக்குக் கோத்தகிரிப் பக்கம் முக்கால் ஏக்கர் தேயிலை. இலை பறித்து, மூட்டை கட்டி, வண்டிக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு டீ குடிப்பது எங்கள் வழக்கம். பச்சை இலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு நாங்கள் எத்தனை வருஷமாகப் போராடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்காகக் கடையடைப்பு நடத்தியவர்களே நீங்கள்தான். அந்த இலையில் போட்ட டீயை நாங்களே எங்கள் ஊரில் ஒழுங்கான பாத்திரத்தில் குடிக்க முடியவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கிளாஸில் டீ எப்படி வரும் என்பது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மாஸ்டர் முதலில் பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்து, கிளாஸில் ஒரு சுற்று சுற்றி வெளியே கொட்டுவார். குளிர்ந்த கிளாஸில் ஊற்றினால் டீயின் சூடு பாதி கிளாஸுக்கே போய்விடும். அப்புறம் சர்க்கரை, பால், துணி வடிகட்டியைப் பிழிந்து டிகாஷன். ஒரு கையை உயர்த்தி ஒரு ஆற்று. மேலே நுரை, கீழே செம்பட்டை நிறம். கோடு போட்ட அந்தத் தடித்த கிளாஸில், வெளியிலிருந்து பார்க்கும்போதே லைட்டா ஸ்ட்ராங்கா என்று தெரிந்துவிடும். "இன்னும் கொஞ்சம் டிகாஷன் விடுங்கண்ணே" என்று வாயில் வைப்பதற்கு முன்பே சொல்லலாம். விளிம்பைக் கட்டை விரலாலும் அடியை நடுவிரலாலும் பிடித்துக்கொண்டு, சூடு கொஞ்சம் தணிந்ததும் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொள்வோம். டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு மணிக்கு, பனியில் நனைந்த கையோடு தோட்டத்திலிருந்து வருகிறவளுக்கு அந்தச் சூடு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இதே குளிரில் கடை திறக்கிறவர்கள்தான்.

இப்போது கையில் வருவது என்ன? விரல் நீளம்கூட இல்லாத ஒரு கப். வீட்டில் மருந்து அளக்கும் மூடியை வைத்து அளந்து பார்த்தேன். விளிம்பு வரை ததும்ப ஊற்றினால்தான் 65 மில்லி. ததும்ப யார் ஊற்றுவார்கள்? கையில் பிடிக்க இடம் வேண்டுமே. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். சமவெளியைவிடக் குறைந்த சூட்டில்தான் நம் டீ தொடங்குகிறது. அதையும் இத்தனை சின்னக் கப்பில் ஊற்றி இந்தக் காற்றில் நீட்டினால் மூன்று வாய்க்குள் ஆறிவிடும். மூன்றாவது வாயில் நனைந்த அட்டையின் வாடை வருகிறது. நம் மலையின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியைத் தோய்த்துச் சாப்பிடலாம் என்றால் அந்தக் கப்புக்குள் வர்க்கி நுழையாது. ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டாசு வெடிக்காத குறையாகக் கொண்டாடினோம். அதைத் தோய்த்துத் தின்ன ஒரு கிளாஸ் வேண்டாமா?

குன்னூரில் வாராவாரம் நடக்கும் ஏலத்துக்குப் போகும் தேயிலையை ருசி பார்ப்பவர்கள் எதில் ஊற்றிப் பார்க்கிறார்கள்? வெள்ளைப் பீங்கானில். அதற்கென்று சர்வதேசத் தர முறையே ஒன்று இருக்கிறது: 100 மில்லிக்கு 2 கிராம் தூள், கொதிக்கும் தண்ணீர், ஆறு நிமிடம், வெள்ளைப் பீங்கான் கோப்பை. நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும், பாத்திரத்தின் வாசம் டீயில் ஏறக்கூடாது. எங்கள் தூளுக்குக் கிலோவுக்கு என்ன விலை என்று முடிவு செய்பவர் பீங்கானில் குடித்துத்தான் முடிவு செய்கிறார். அதே தூளைக் காசு கொடுத்துக் குடிப்பவர்களுக்கு மட்டும் அட்டை போதும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள்.

காபிக்கும் இதே கதைதான். என் அக்காவைப் பழனி மலையில், பண்ணைக்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை எல்லாம் காபித் தோட்டம். சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தில் ஏறிய மிளகு, இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சும். அவர்கள் வீட்டுக் களத்தில் காயும் காபிப் பழத்தின் கொட்டையை எடுத்து, வறுத்து அரைத்து, டபரா டம்ளரில்தான் தருவார்கள். டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் இரண்டு முறை ஆற்றினால்தான் அந்தக் காபி குடிக்கும் பதத்துக்கு வரும். அங்கே பஸ் நிற்கும் இடத்தில் அக்கா கூட்டிப்போன சின்னக் கடையில்கூட எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுத்தார்கள். அவர்களுக்கும் தண்ணீர்க் கஷ்டம் உண்டு. அவர்களுக்கும் ஆள் கிடைப்பதில்லை.

சரி, ருசி ஆளுக்கு ஆள் மாறும். சட்டம் மாறாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் கப் மட்டும் இல்லை. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது. கப் தயாரிப்பவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேப்பர் கப் மீதான தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. மாநிலத்துக்கு முன்பே, 2000-களின் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக் பைகளை ஒதுக்கிய மாவட்டம் இது. அதிகாரிகள் வந்து அபராதம் போட்டால் கட்டப்போவது சங்கம் இல்லை, கடை நடத்துகிற அண்ணன்மார்தான். தடை செய்யப்பட்ட ஒன்றைக் கட்டாயமாக்கித் தீர்மானம் போட ஒரு சங்கத்துக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"அது பேப்பர்தானே" என்று செயலாளர் என்னிடம் சொன்னார். பேப்பர் என்றால் கொதிக்கிற டீ பத்து நிமிடத்தில் அதைக் கூழாக்கியிருக்கும். ஆக்காமல் இருப்பதற்குக் காரணம் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக். நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டில் செய்து பாருங்கள். குடித்த கப் ஒன்றை எடுத்துத் தையலோடு பிரித்து, ராத்திரி ஒரு கிண்ணம் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் விரலால் தேய்த்தால் காகிதம் திரி திரியாக வந்துவிடும். கடைசியில் கையில் நிற்பது வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய, நிறமில்லாத ஒரு தாள். இழுத்தால் நீளும், சுலபமாகக் கிழியாது. நான் உரித்து எடுத்த தாள்களை ஒரு புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கொண்டு வந்து மேஜையில் வைக்கிறேன்.

அந்தத் தாளின் மேல்தான் நாம் சூடான டீயை ஊற்றுகிறோம். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி திரவத்தைப் பேப்பர் கப்பில் கால் மணி நேரம் வைத்தபோது, கண்ணுக்குத் தெரியாத 25,000 பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்திருந்தன. நாம் டீயைக் கால் மணி நேரம் வைத்திருக்க மாட்டோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு டீயோடு நிறுத்துகிறவர் நம் ஊரில் யார்? பிளாஸ்டிக் தாளில் ஊற்றிக் குடிப்பதற்குச் 'சுத்தம்' என்று பேர் வைக்காதீர்கள்.

பச்சை இலை படம் அச்சடித்த 'மக்கும் கப்' வாங்கப்போவதாகவும் சிலர் பேசிக்கொள்கிறார்கள். சோளமாவு மாதிரியான பொருளிலிருந்து எடுத்த பூச்சு அதில் இருக்கலாம். அது மக்க வேண்டுமானால் 60 டிகிரிக்குப் பக்கத்தில் தொடர்ந்து சூடு இருக்கும் பெரிய உரக்கூடம் வேண்டும். நம் ஊர்க் குப்பைக் குழியில் சாணியே மெதுவாகத்தான் மட்குகிறது.

எறிந்த கப் எங்கே போகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஓடும் ஓடை எங்கள் தோட்டத்து ஓரமாகத்தான் வருகிறது. மழை விட்ட மறுநாள் தேயிலைச் செடிகளின் தூரில் கப்புகள் சிக்கிக் கிடக்கும். குனிந்து குனிந்து பொறுக்கிவிட்டுத்தான் இலை பறிக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது. என் கைக்குத் தப்பியது பள்ளத்தில் இறங்கிப் பவானிசாகருக்குப் போகும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் அதில் நெல் விளைவிப்பவர்களும் கீழே இருக்கிறார்கள். குப்பைத்தொட்டியில் போட்டதும் அங்கேயே இருப்பதில்லை. ராத்திரி காட்டெருமை வந்து தொட்டியைச் சாய்க்கிறது. அடியில் சர்க்கரை ஒட்டியிருப்பதால் ஒன்றுக்குள் ஒன்று செருகிய கப்புகளை அடுக்கோடு மென்று விழுங்குவதை, எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து நானும் என் மகளும் பார்த்தோம். விரட்டவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. குரங்குகள் கப்பை எடுத்துக்கொண்டு மரத்துக்கே போய்விடுகின்றன.

எண்ணிக்கையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எட்டுக் கடைகள். ஒரு கடைக்கு நாளைக்கு 300 டீ என்று குறைத்து வைத்தாலும் மாதம் 72,000 கப். இது சீசன் இல்லாத மாதக் கணக்கு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிப் பக்கம் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகளுக்கு இ-பாஸ் கொடுத்தார்கள். வண்டிக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு டீ என்றால் ஒரே சனிக்கிழமைக்கு 32,000 கப். வண்டிகளுக்கு வரம்பு வேண்டும் என்று நீதிமன்றம் கவலைப்படும்போது, வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு குப்பையை நாமே எடுத்துக் கொடுக்கிறோம்.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். அவை பொய் என்று நான் சொல்லவில்லை.

கிளாஸ் கழுவ ஆள் இல்லை என்பது உண்மை. ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் சின்னப் பையன்கள். கை விரல்கள் வெந்து வெளுத்துப்போய் வாளிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். 2006 அக்டோபரில் டீக்கடை, ஓட்டல் வேலைகளில் பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று தடை வந்தது. அந்தக் காலம் திரும்பி வரவே வேண்டாம். ஆனால் பெரியவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்தால் ஆள் கிடைக்கும். பணம் எங்கே என்பீர்கள். ஒரு கப்புக்கு அரை ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று கடைக்கார அண்ணன் ஒருவரே என்னிடம் சொன்னார். அரை ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 300 கப்புக்கு நாளைக்கு 150 ரூபாய், மாதம் 4,500. எட்டுக் கடைகளுக்கும் சேர்த்து மாதம் 36,000 ரூபாய் குப்பையாகப் போகிறது. அதில் பொதுவாக ஒரு கழுவும் தொட்டி கட்டி, இரண்டு பேருக்கு வேலை கொடுக்கலாம். எஸ்டேட் வேலை நின்றுபோய் வீட்டில் இருக்கும் பெண்கள் எங்கள் பக்கத்து லைன் வீடுகளில், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில், எத்தனையோ பேர். நான் பேசிப் பார்த்தேன், வரத் தயாராக இருக்கிறார்கள்.

தண்ணீரும் உண்மைதான். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் தெருவுக்கே வாரத்துக்கு ஒருமுறைதான் குழாய் வருகிறது. அதற்காகப் பழையபடி ஒரே வாளிக்குள் நூறு கிளாஸை முக்கி எடுக்கச் சொல்ல மாட்டேன். அந்த வாளியைப் பார்த்துத்தான் ஜனங்கள் பயந்தார்கள், கொரோனாவுக்குப் பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. அது நியாயமான பயம். வழி உங்கள் கடையிலேயே நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்து, ஒரு அலசு அலசி, பாய்லர் வெந்நீரில் முக்கி, கம்பித் தட்டில் கவிழ்த்து வைத்தால் தானே காயும். துடைக்க அழுக்குத் துணியும் வேண்டாம். இதைக் குடிக்க வருபவர் கண்ணெதிரே செய்யுங்கள். வெளியூர்க்காரருக்கு வேண்டியது அந்த நம்பிக்கைதான். மழைக்காலத்தில் கூரையிலிருந்து விழும் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு டேங்க்கும் இருந்தால் தொட்டி கழுவவாவது ஆகும்.

கிளாஸை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய்விடுகிறார்கள், உடைக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டம் 2022 மே மாதம் முதன்முதலில் தொடங்கியது நம் நீலகிரியில்தான். காட்டில் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பதற்காக நீதிமன்றம் சொல்லிச் செய்தது. குடித்துவிட்டு வருகிறவர்களே பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து பத்து ரூபாய் வாங்கிப் போகிறார்கள். டீ குடிக்கிறவர்கள் டம்ளரைத் திருப்பித் தர மாட்டார்களா? சாலையோரக் கடைகளிலும் காட்சிமுனைகளிலும் கண்ணாடிக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். விழுந்தாலும் உடையாது.

இன்னொன்றை எழுதாமல் விட முடியாது. சமவெளியில் சில ஊர்களில் இரட்டைக் குவளை இருந்ததும், அதை எதிர்த்துப் போராட்டம் நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். பேப்பர் கப் வந்த பிறகு சில இடங்களில் அதே பாகுபாடு கப்புக்குள் ஒளிந்துகொண்டது: உள்ளூர்ப் பெரிய மனிதருக்கு எவர்சில்வர், காலனிக்காரருக்குத் தூக்கி எறியும் கப். நம் ஊரில் அட்டை தொங்கும் கடை ஒன்றிலேயே, தெரிந்தவர்களுக்கு மட்டும் உள்ளே இருந்து கிளாஸ் எடுத்துத் தருவதை நான் பார்த்தேன். கடைக்காரர் நட்புக்காகத்தான் செய்தார் என்று நம்புகிறேன். ஆனால் எஸ்டேட் லைனிலிருந்து வந்து நிற்கும் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அவள் கையில் கப், பக்கத்தில் நிற்பவர் கையில் கிளாஸ். இந்த நிலையை நாம் உண்டாக்கக்கூடாது. கிளாஸ் திரும்ப வரும்போது எல்லோருக்கும் ஒரே கிளாஸாக, ஒரே தட்டிலிருந்து எடுத்த கிளாஸாக வர வேண்டும்.

நான் கேட்பவை இவை.

பேப்பர் கப்பைக் கட்டாயமாக்கிய தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்து, கடைவாசல் அட்டைகளைக் கழற்றுங்கள். கடையில் நின்றோ உட்கார்ந்தோ குடிக்கும் எல்லோருக்கும், கேட்காமலே, கண்ணாடி கிளாஸிலோ எவர்சில்வர் டம்ளரிலோ கொடுங்கள். காபிக்கு டபராவும் சேர்த்து. யாருக்கும் தனிக் கிளாஸ், தனிக் கப் என்ற பேச்சு இருக்கக்கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். கப்புக்குச் செலவாகும் பணத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பொதுவாக வெந்நீர் வசதியுள்ள கழுவும் தொட்டி கட்டி, பெரியவர்கள் இரண்டு பேருக்குக் கட்டுப்படியான சம்பளத்தில் வேலை கொடுங்கள். காட்சிமுனைக் கடைகளில் டம்ளருக்கு இருபது ரூபாய் முன்பணம் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் முறையை வரும் சீசனுக்குள் தொடங்குங்கள். பார்சல் டீயை பிளாஸ்டிக் கவரில் கட்டித் தருவதையும் இதோடு நிறுத்துங்கள். தூக்குவாளி, பிளாஸ்க் கொண்டுவருபவர்களுக்கு ஊற்றிக் கொடுங்கள், அப்படிக் கொண்டுவந்தால் ஒரு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பில் இருக்கும் கப்புகளை விற்றுத் தீர்க்க அவகாசம் கேட்காதீர்கள். அவை தடை செய்யப்பட்டவை. மொத்தமாக நகராட்சியிடம் ஒப்படையுங்கள்.

கூட்டத்துக்கு டீ குடிப்பவர்கள் சார்பில் எங்களில் நாலு பேரைக் கூப்பிடுங்கள். தேதியைப் பஸ் ஸ்டாண்ட் பலகையில் எழுதிப் போட்டால் போதும், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் டீ குடிக்கும் சிறு தேயிலை விவசாயி ஒருத்தி,
கோத்தகிரி வட்டம்